கவனக் குறைவும் பதற்றமும் சேர்ந்த பிள்ளைக்கு மருந்து: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைவு, மிகை இயக்கக் கோளாறு உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பதற்றக் கோளாறும் கூடவே இருக்கிறது. அப்படியொரு பிள்ளைக்கு மருந்து தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோருக்கு இரண்டு கவலைகள் வரும். கவனத்துக்குக் கொடுக்கிற மாத்திரை பதற்றத்தைக் கிளப்பிவிடாதா? மாதா மாதம் இந்தச் செலவை எப்படித் தாங்குவது? முதல் கவலைக்குப் பக்கம் பக்கமாகப் பதில் கிடைக்கும். இரண்டாவதை "மருத்துவரிடம் பேசுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. எந்தக் கோளாறுக்கு முதலில் மருந்து, ஒரே நேரத்தில் எத்தனை மருந்து, ஒரு நாளில் எத்தனை மணி நேரத்துக்கு மருந்து என்ற மூன்று முடிவுகளில்தான் செலவின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரமாக ஒரு வரியும் முடிக்காத பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கவனம் எங்கோ போய்விட்டதா, அல்லது தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் கை ஓடவில்லையா? தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். கிட்டே போய் நோட்டைப் பார்க்க வேண்டும். கவனம் சிதறிய பிள்ளையின் பக்கத்தில் பாதிக் கணக்கு நிற்கும், ஓரத்தில் ஏதாவது படம் வரைந்திருக்கும். பயந்த பிள்ளையின் பக்கம் ரப்பர் தேய்த்துத் தேய்த்து மெலிந்து போயிருக்கும். இரண்டு கோளாறும் உள்ள பிள்ளையிடம் இரண்டு தடயங்களும் கிடைக்கும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. தினமும் எதையாவது மறந்து, தினமும் திட்டு வாங்கி, அதனாலேயே பள்ளிக்கூடம் என்றால் வயிற்றைப் பிசைகிற நிலைக்கு வந்த பிள்ளைகள். இவர்களுடைய பதற்றம் ஏ.டி.எச்.டி.யின் பின்விளைவு. கவனக் கோளாறு கட்டுக்குள் வந்தால் பதற்றமும் தானாகவே இறங்க வாய்ப்பு இருக்கிறது. அப்படி இறங்கினால் இரண்டு மருந்துக்குப் பதில் ஒன்றே போதும். மாதச் செலவில் இதைவிடப் பெரிய மிச்சம் வேறு எதிலும் கிடைக்காது. அதனால்தான் எது முதலில் தொடங்கியது, எது எதைத் தூண்டுகிறது என்று துருவித் துருவிக் கேட்கும் மருத்துவருக்குக் கொடுக்கிற கட்டணம் வீண் போவதில்லை. பத்து நிமிடத்தில் இரண்டு மருந்து எழுதிக் கொடுப்பவர் மலிவாகத் தெரிவார், வருடக் கணக்கில் பார்த்தால் அப்படி இருக்காது.

சரி, கவனத்துக்கான மருந்து பதற்றத்தைக் கூட்டுமா? ஏ.டி.எச்.டி.க்கு முதல் வரிசையில் இருப்பவை மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் வகை ஊக்க மருந்துகள். மருந்து பற்றிய தாளில் பதற்றமும் ஒரு பக்கவிளைவாக அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் 2015ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 23 ஆய்வுகளையும், அவற்றில் இருந்த 2,959 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தது. ஊக்க மருந்து எடுத்தவர்களிடம் பதற்றம் வருவது, போலி மாத்திரை (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரப்படும், மருந்தே இல்லாத மாத்திரை) எடுத்தவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. இது சராசரிக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. சில பிள்ளைகளுக்கு இதயம் படபடக்கும், நகம் கடிப்பது கூடும், சின்ன விஷயத்துக்கும் அழுகை வரும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி கிடையாது. ஆனால் குறுகிய நேரம் வேலை செய்யும் மாத்திரையின் வேகம் மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஒத்துக்கொள்ளவில்லை என்பது அன்றைக்கே தெரியும், நிறுத்தினால் அன்றைக்கே முடியும். சோதித்துப் பார்க்க இவ்வளவு வசதியான மனநல மருந்து வேறு அதிகம் இல்லை.

மருந்தே முதல் படியாக இருக்க வேண்டுமா என்பதும் இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் திறந்த கேள்விதான். அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் பின்தொடர்ந்து 1999ல் வெளியான எம்.டி.ஏ. ஆய்வில், பொதுவாக ஏ.டி.எச்.டி. அறிகுறிகளைக் குறைப்பதில் மருந்துதான் முன்னால் நின்றது. பதற்றமும் சேர்ந்திருந்த குழந்தைகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் மருந்து எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாக முன்னேறியிருந்தார்கள். பதற்றத்துக்கான சிகிச்சையை ஒப்பிட்டு 2008ல் வந்த கேம்ஸ் ஆய்வும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. 7 முதல் 17 வயது வரையிலான 488 பேர், 12 வாரம். பதற்றத்துக்குத் தரப்படும் செர்ட்ராலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 சதவீதம். போலி மாத்திரைக்கு 24.

அந்த ஆய்வில் சி.பி.டி. என்பது 14 அமர்வுகள். ஒரு அமர்வின் கட்டணத்தையும் ஒரு மாத ஜெனரிக் மாத்திரையின் (காப்புரிமை முடிந்த மருந்தை மற்ற நிறுவனங்கள் செய்து விற்பது) விலையையும் பக்கத்தில் வைத்தால் அமர்வு மலைப்பாகத் தெரியும். ஆனால் அமர்வுகளுக்கு ஒரு முடிவு உண்டு, மாத்திரை வருடக் கணக்கில் ஓடும். பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் கிடைப்பதுதான் பெரும் சிக்கல். கிடைக்கிற குடும்பம் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

மருந்து என்று முடிவானால், விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கு ஆம்ஃபெட்டமின் கொடுத்து அவர்கள் படிப்பில் நிலைப்பதை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி 1937லேயே எழுதிவிட்டார். மெத்தில்ஃபெனிடேட் 1944ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் உருவாகி, 1950களின் நடுவில் ரிட்டலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இந்த மூலக்கூறுகளின் மேல் இன்று யாருக்கும் காப்புரிமை கிடையாது. அப்படியானால் புது பிராண்ட் மாத்திரைகள் மட்டும் ஏன் அவ்வளவு விலை? நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் மணி நேரத்துக்கு. அதே பழைய மருந்தை எட்டு, பத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மெல்ல மெல்ல வெளிவிடும் தொழில்நுட்பத்துக்கு. விலை கூடக் கூட மருந்து அதிகமாகக் குணப்படுத்தும் என்று நினைப்பது தவறு.

கான்செர்ட்டா இதற்கு நல்ல உதாரணம். 2000ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மாத்திரைக்குள் இருப்பதும் மெத்தில்ஃபெனிடேட்தான். மேல் பூச்சில் சுமார் 22 சதவீத மருந்து இருக்கும், அது உடனே கரையும். மிச்சம் உள்ளே. ஓட்டின் ஒரு முனையில் லேசரால் போட்ட நுண்ணிய துளை. உள்ளே புகும் நீர் ஒரு அடுக்கை உப்ப வைக்க, அது மருந்தைத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது. ஓடு மட்டும் கரையாமல் மலத்தோடு வெளியேறும். (முதல் முறை பார்க்கிற பெற்றோர் மாத்திரை வேலையே செய்யவில்லை என்று பதறுவது வழக்கம்.) இதை உடைத்தோ பொடித்தோ கொடுத்தால் பணம் கொடுத்து வாங்கிய அந்த ஏற்பாடே பாழாகும், பகல் முழுவதற்குமான டோஸும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

ஜெனரிக் வாங்கலாமா என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. உடனே கரையும் சாதாரண மாத்திரை, பதற்றத்துக்குத் தரப்படும் செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின், ஊக்க மருந்து வகையில் சேராத கவன மருந்தான அட்டோமாக்ஸெட்டின் போன்றவற்றில் தரமான ஜெனரிக்குக்கும் பிராண்டுக்கும் பயந்து ஓடும் அளவுக்கு வித்தியாசம் கிடையாது. தயங்காமல் மலிவானதை வாங்கலாம். நீண்ட நேர மாத்திரையில் மட்டும் கொஞ்சம் கண் வைக்க வேண்டும். கான்செர்ட்டாவின் இரண்டு ஜெனரிக்குகள், மாத்திரை விழுங்கிய ஏழாவது மணியிலிருந்து பன்னிரண்டாவது மணி வரை மருந்தை மெதுவாக வெளிவிடக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014ல் அறிவித்து, பிராண்டுக்குப் பதிலாகத் தானாகவே மாற்றிக் கொடுக்கலாம் என்ற தகுதியை அவற்றிடமிருந்து எடுத்துவிட்டது. காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்ட பிள்ளைக்கு அந்த ஏழாவது மணி என்பது பிற்பகல் மூன்று. பள்ளி முடிந்து வீட்டுப்பாடம் தொடங்கும் வேளை. அந்த நேரத்தில் மருந்து சட்டென்று இறங்கினால் எரிச்சலும் அழுகையும் பயமும் சேர்ந்து வரும். பதற்றக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் எல்லோரும் "பதற்றம் கூடிவிட்டது" என்றுதான் சொல்வார்கள், அதற்கென்று இன்னொரு மருந்தும் சேரக்கூடும். அதனால் திடீர் மாற்றம் எதைக் கண்டாலும் முதலில் இந்த மாதம் வாங்கிய மாத்திரை வேறு நிறுவனத்துடையதா என்று பெட்டியைப் பார்க்க வேண்டும்.

நீண்ட நேர மாத்திரை கட்டுப்படியாகாத குடும்பம் என்ன செய்யும்? உடனே கரையும் ஜெனரிக்கைக் காலையிலும் மதியத்திலும் கொடுக்கலாம், தேவையானால் மாலையில் சின்ன டோஸ் ஒன்றும். பல காலமாக இப்படித்தான் கொடுத்து வந்தார்கள், வேலையும் செய்தது. சிக்கல் மதிய மாத்திரையில்தான். பள்ளியில் யார் கொடுப்பது, மற்ற பிள்ளைகள் முன்னால் கூப்பிட்டுக் கொடுப்பார்களா என்பதெல்லாம் சாதாரணப் பிள்ளைக்கே சங்கடம். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எப்போதும் பயந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு மாத்திரையே நாளைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு டோஸும் இறங்கும்போது வருகிற சின்னச் சரிவும் நாளில் இரண்டு மூன்று முறை வரும். பதற்றம் சேர்ந்த பிள்ளைக்கு நீண்ட நேர மாத்திரைக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசில் ஒரு நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்காகச் சந்தையில் புதிதாக வந்ததைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஜெனரிக் ஆகிவிட்ட நீண்ட நேர வடிவங்களிலேயே தேர்வுக்கு இடம் உண்டு. ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்த லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் 2007ல் வந்தபோது பிராண்ட் மட்டும்தான், 2023ல் அமெரிக்காவில் ஜெனரிக் வந்துவிட்டது.

வடிவமும் விலையைத் தூக்கும். திரவம், மென்று தின்னும் மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை எல்லாமே பொதுவாகச் சாதாரண மாத்திரையைவிட விலை அதிகம். மாத்திரை விழுங்கத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகப் பல வீடுகளில் இவற்றை வாங்குகிறார்கள். சிறுமணிகள் அடைத்த கேப்ஸ்யூல்கள் சிலவற்றைத் திறந்து மென்மையான உணவின் மேல் தூவிக் கொடுக்கலாம், மணிகளை மட்டும் மெல்லக் கூடாது. லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் கேப்ஸ்யூலைத் திறந்து தண்ணீரில் கலக்கலாம். அட்டோமாக்ஸெட்டின் கேப்ஸ்யூலை மட்டும் திறக்கவே கூடாது, தூள் கண்ணில் பட்டால் எரியும். அப்புறம், மிகச் சிறிய மிட்டாயில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி விழுங்கப் பழக்கினால் நிறையப் பிள்ளைகள் சில வாரங்களில் கற்றுக்கொள்வார்கள். செலவில்லாத பயிற்சி, பலன் வருடக் கணக்கில்.

ஊக்க மருந்து ஒத்துவராத பிள்ளைகளுக்கு அட்டோமாக்ஸெட்டின் இருக்கிறது. 2018ல் 133 ஆய்வுகளைத் தொகுத்த லான்செட் சைக்கியாட்ரி கட்டுரையின்படி, மருத்துவர் மதிப்பீட்டில் குழந்தைகளிடம் இதன் விளைவு அளவு (எண் பெரிதாக இருந்தால் பலன் அதிகம்) 0.56. மெத்தில்ஃபெனிடேட்டுக்கு 0.78, ஆம்ஃபெட்டமினுக்கு 1.02. கவனத்தைப் பொறுத்தவரை இது சற்று வலுக் குறைந்ததுதான். ஆனால் பதற்றமும் உள்ள குழந்தைகளிடம் நடத்திய சோதனையில் இரண்டு கோளாறுகளுமே குறைந்தன. நாள் முழுக்க வேலை செய்யும், மாலைச் சரிவு கிடையாது, பல நாடுகளில் ஜெனரிக்கும் கிடைக்கிறது. ஒரே மருந்தில் இரண்டு வேலை என்பதால் மாதச் செலவும் குறையலாம். பொறுமைதான் வேண்டும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு அதற்கு மேலும் ஆகலாம். இரண்டாவது வாரத்திலேயே "காசு வீண்" என்று நிறுத்திவிட்டு வேறு மருந்துக்குத் தாவுவதுதான் நிஜமான வீண்செலவு.

குவான்ஃபசின், குளோனிடின் இரண்டும் ரத்த அழுத்தத்துக்கு வந்த பழைய மருந்துகள். மிகை இயக்கத்தையும் தூக்கமின்மையையும் தணிக்கும், மயக்கம் போன்ற சோர்வு வரும். 2021ல் ஏ.டி.எச்.டி.க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற விலோக்ஸஸின் புது மருந்து என்ற விலையில் விற்கப்படுகிறது. அது 1970களில் ஐரோப்பாவில் மனச்சோர்வு மருந்தாகப் புழங்கிய பழைய ஆள்தான்.

பதற்றத்துக்கு என்றே தரப்படும் செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின் வகை மருந்துகள் ஜெனரிக்காகப் பரவலாகக் கிடைக்கின்றன, பெரும்பாலும் இந்தப் பட்டியலிலேயே மலிவானவையும் அவைதான். செலவு குறைவு என்பதற்காக அவற்றை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2004ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 24 சோதனைகளைப் பரிசீலித்தபோது, தற்கொலை எண்ணமோ முயற்சியோ போலி மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேரிடமும் மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம் பேரிடமும் காணப்பட்டது. அந்தச் சோதனைகளில் ஒரு தற்கொலை மரணமும் நிகழவில்லை. அட்டோமாக்ஸெட்டினுக்கும் இதே மாதிரியான எச்சரிக்கை உண்டு. முதல் சில வாரங்கள் பிள்ளையின் பேச்சையும் மனநிலையையும் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். இன்னொரு சிக்கல்: இந்த மருந்துகள் ஆரம்பத்தில் சில பிள்ளைகளிடம் ஒரு நிலைகொள்ளாத துள்ளலைக் கிளப்பும். ஏ.டி.எச்.டி. முற்றிவிட்டது என்று தோன்றும். அதற்குக் கவன மருந்தின் டோஸைக் கூட்டினால் சிக்கல் மேல் சிக்கல்.

ஆகவே இரண்டு மருந்தை ஒரே வாரத்தில் தொடங்கக் கூடாது என்பதை ஒரு வீட்டு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றோடொன்று மோதுமா என்றும் கேட்க வேண்டும். ஃப்ளூவாக்ஸெட்டின், அட்டோமாக்ஸெட்டினை உடைக்கும் கல்லீரல் நொதியைத் தடுப்பதால் அட்டோமாக்ஸெட்டினின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்றில்லை, டோஸ் அதற்கேற்ப மெல்ல ஏற வேண்டும்.

செலவின் மற்ற ஓட்டைகள் மாத்திரைக்கு வெளியே இருக்கின்றன. சரியான டோஸ் தெரியும் வரை ஒரு மாதத்துக்கான பெட்டியை வாங்குவது வீண். ஒரு வாரம், பத்து நாளுக்கு எழுதித் தரச் சொல்லலாம். பல சந்தைகளில் மாத்திரையின் மில்லிகிராம் இரட்டிப்பானால் விலை இரட்டிப்பாவதில்லை. தினம் இரண்டு சின்ன மாத்திரைக்குப் பதில் அதே அளவுள்ள ஒன்றை எழுதித் தர முடியுமா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. "உங்கள் பிள்ளையின் மரபணுவுக்கு ஏற்ற மருந்து" என்று விற்கப்படும் பரிசோதனைகளைக் குழந்தைகளுக்கான மருந்தைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை, வளரிளம் பருவ மனநல மருத்துவக் கழகம் 2020ல் சொல்லிவிட்டது. மூளை ஸ்கேனும் இந்த நோயறிதலுக்குத் தேவையில்லை. உண்மையில் தேவையானவை சின்ன விஷயங்கள்: குடும்பத்தில் இளவயது திடீர் இதய மரணம் உண்டா என்ற விசாரிப்பு, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், எடை, உயரம். எம்.டி.ஏ. ஆய்வில் மூன்று வருடம் மருந்து எடுத்த பிள்ளைகளின் உயரம் மருந்து எடுக்காத ஏ.டி.எச்.டி. பிள்ளைகளைவிட இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தது, எனவே அளவுநாடா முக்கியம்.

ஊக்க மருந்துகள் 1971ன் ஐ.நா. மனமாற்றப் பொருள்கள் உடன்படிக்கையின் கீழ் கட்டுப்பாட்டில் இருப்பவை. பல நாடுகளில் மொத்தமாக வாங்கி வைக்க முடியாது, ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும். அந்த ஆலோசனைக் கட்டணத்தையும் மருந்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். தட்டுப்பாடும் வரும். அமெரிக்காவில் அடெரால் எனப்படும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளுக்கு 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தட்டுப்பாடு நீண்ட காலம் இழுத்தது. இது கிடைக்காவிட்டால் எது என்று முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்திருந்தால் கடைகடையாக அலைவது குறையும். இணையத்தில் சீட்டில்லாமல் மலிவாகக் கிடைப்பதாகச் சொல்லப்படும் மாத்திரைகளின் பக்கம் போகவே வேண்டாம், உள்ளே என்ன இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

காப்பீடு உள்ளவர்களுக்கு வேறு தலைவலி. மலிவானதை முதலில் கொடுத்துப் பார், அது தோற்றால்தான் அடுத்ததற்குப் பணம் என்ற விதி பல காப்பீடுகளில் இருக்கிறது. இந்த இடத்தில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் கைகொடுக்கும். தேதி, மருந்து, டோஸ், நிறுவனம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம், எத்தனை மணிக்கு இறங்கியது, தூக்கம், சாப்பாடு, பயம் பத்துக்கு எத்தனை. நான்கு வாரம் எழுதிய இந்தப் பக்கங்களை வைத்து, இந்தப் பிள்ளைக்குப் பதற்றமும் இருக்கிறது, இந்த மருந்தில் இன்ன விளைவு வந்தது என்று மருத்துவர் எழுதும் கடிதத்துக்கு வலு அதிகம். முதலில் மறுக்கப்பட்ட கோரிக்கை மேல்முறையீட்டில் ஏற்கப்படுவதும் உண்டு.

காசு போதாத மாதத்தில் மாத்திரையைப் பாதியாக்கி ஓட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. எதில் அது ஆபத்து என்று மட்டுமாவது தெரிந்திருக்க வேண்டும். ஊக்க மருந்தை வார இறுதியிலோ விடுமுறையிலோ மருத்துவர் சம்மதத்தோடு நிறுத்தி வைக்கலாம், பழைய கவனக் குறைவு திரும்பும், அவ்வளவுதான். குவான்ஃபசினையும் குளோனிடினையும் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். செர்ட்ராலின் வகையை நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், பதற்றம் எல்லாம் வந்து நோயே திரும்பியதுபோலத் தோன்றும், அதனால் வாரக் கணக்கில் இறக்க வேண்டும். அட்டோமாக்ஸெட்டினை விட்டு விட்டுக் கொடுத்தால் பலன் சேராது. இந்த மருந்துகளில் ஏதாவது தீரப்போகிறது, கையில் காசும் இல்லை என்றால், கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும். மலிவான மாற்றுக்கு மாறுவதோ டோஸை முறையாக இறக்குவதோ அந்த ஒரு வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.